மிஞ்சிய காப்பு

மேல்நாட்டில் எங்கேயாவது கடை எரிந்தால், எனக்கு இங்கே அடுப்புப் பற்றவைக்கக் கை வருவதில்லை. என் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். வெளியாட்களெல்லாம் போங்கள் என்று அந்த நாட்டில் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போவதைப் போனில் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை அவனைக் கூப்பிட்டு, வெளியே போகாதே, ஜன்னலோரம் நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது நூறு மைல் தள்ளி நடக்கிறது என்று அவன் சிரிக்கிறான். நான் எட்டாவதோடு நின்றவள். மைல் கணக்கு எனக்குப் பிடிபடாது. தீ என்றால் பக்கத்தில் என்றுதான் என் புத்திக்குப் படும். இந்தப் பயம் என்னைப் பிடித்தது பத்து வயதில். பிடித்த கதையை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமன், அமெரிக்காவில் இருந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான். பகலில் படிப்பு, மீதி நேரம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை. அதை வெளியே சொல்லக் கூடாதென்று அம்மா எங்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். ஊரில் கேட்டால் கம்பெனி என்று சொல்ல வேண்டும்.

அந்த வருடம் சித்திரை மாதம், மாமன் இருந்த ஊர் பற்றி எரிந்தது. கறுப்பர் ஒருவரை வெள்ளைக்காரப் போலீஸ் அடித்ததாம், கோர்ட்டு அடித்தவர்களை விட்டுவிட்டதாம், அதில் கிளம்பிய தீ. செய்தியில் ஒரு நிமிடம் காட்டினார்கள். தெருவெல்லாம் புகை. உடைந்த கண்ணாடிக் கடைக்குள்ளிருந்து ஒருவன் தோளில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான், அடுத்து மாம்பழக் கண்காட்சிக்குப் போய்விட்டார்கள். அம்மா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் வீட்டில் சோறு குழைந்துபோனது.

போன் இருந்தது ரைஸ் மில்லில் மட்டும். இரண்டு நாள் அங்கேயே காத்துக் கிடந்த பிறகு மாமனின் குரல் வந்தது. அம்மா பேச, நான் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். மாமன் அழவில்லை, ஆனால் குரல் அவருடையதாக இல்லை. கூட்டம் வருவதற்கு முன்னால் சில கடைக்காரர்கள், இது இன்னாருடைய கடை என்று ஷட்டரில் எழுதிவைத்தார்களாம். எழுதியிருந்த கடையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடையைக் கொளுத்தினார்களாம். அது போகட்டும், பால் வாங்கப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மாமனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாளாம். காசை வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நில் என்றாளாம்.

வீடு வந்ததும் அம்மா உடைந்துவிட்டார்.

"என்ற தம்பிய வாசல்ல நிறுத்திப் போட்டாளாமுங்க. காச வெச்சுட்டுத் தள்ளி நில்லுன்னாளாமுங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தோலைப் பார்த்து ஆளை நிறுத்துகிறவர்கள் மனிதர்களா, அந்த நாடு உருப்படுமா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். எங்கள் பண்ணையத்தாள் ரங்கான் அப்போது மாட்டுக்கட்டுத்தரையோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கென்று கூரையில் செருகிவைத்த அலுமினிய டம்ளரில் அம்மா தூக்கி ஊற்றிய காப்பி, அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது 'நின்றுகொண்டிருந்தார்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவர் எனக்கு 'ரங்கான்' மட்டும்தான். என் அப்பாவைவிடப் பெரியவர். 'டேய் ரங்கா' என்று நான் கூப்பிட்டால், 'என்னங்க சின்னம்மணி' என்று ஓடி வருவார். நாய்க்குட்டியைக்கூட 'வாங்க, போங்க' என்று கொஞ்சுகிற ஊர் எங்களுடையது.

ரங்கான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்குத் தேறுதல் சொன்னார். "அழுவாதீங்க பண்ணாடிச்சி. தள்ளி நில்லுன்னா நின்னுபோட்டு வரோணுமுங்க. உசுரு இருந்தாப் போதுமுங்க."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, உனக்கென்ன தெரியும் அந்த வேதனை என்றார். ரங்கான் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கூரையில் செருகினார்.

எனக்கோ வேறு கவலை. அமெரிக்காவே எரிகிறது, இங்கே எரிய எவ்வளவு நேரமாகும்? எனக்குத் தெரிந்த வீடுகளையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி, எது தப்பிக்கும், எது தப்பிக்காது என்று பார்க்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் லீவு. கவலைப்பட நேரம் நிறைய இருந்தது.

அந்த வாரமே மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து நோம்பி சாட்டினார்கள். எங்கள் ஊரில் நோம்பி சாட்டியதும், கோயிலுக்கு வரி கொடுக்கிற வீடுகளுக்கு மட்டும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சளில் நனைத்த துணிக்குள் வேப்பிலையும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வைத்து முடிந்து, வாசல் நிலையில் பூசாரி கட்டிவிட்டுப் போவார். கட்டிய வீட்டுக்குள் தீயும் வராது, அம்மை நோயும் வராது. கட்டினால் நோம்பி முடியும்வரை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் ஆத்தா கண் திறந்துவிடுவாள். அப்பா கோயில் தர்மகர்த்தா என்பதால் காப்புகளை எங்கள் வீட்டில்தான் முடிந்தார்கள். ஒரு வீட்டில் பேறுகாலத் தீட்டு என்று பூசாரி கட்டாமல் திரும்பினார். ஒன்று மிஞ்சியது. அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்தார்.

ஷட்டரில் எழுதிய எழுத்தும் நிலையில் கட்டிய துணியும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. கட்டியிருக்கிற வீட்டை விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தது. ரங்கான் வீட்டில் இல்லை. அவருடைய மகள் செல்வி என் வகுப்பு. கணக்கில் என் சிலேட்டுக்கு அவள்தான் விடை. அவள் வீட்டுக் கூரை வேறு கரும்புச்சோகை. நெருப்பைக் காட்டினாலே போதும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் காட்டில் வேலையாக இருந்த நேரத்தில், மிஞ்சிய காப்பைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வளவுக்குப் போனேன். பண்ணையத்தாட்கள் குடியிருந்த அந்த வளவு, வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும். தாண்டக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

செல்வி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் காப்பை எடுத்ததும் எழுந்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. எங்கய்யன் வையும்."

பள்ளிக்கூடத்தில் என்னை 'நீ' என்கிறவள், தன் வீட்டு வாசலில் 'ங்க' போட்டாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நான் சொன்னால் கேட்க மாட்டாயா என்று அதட்டினேன். உரலைப் புரட்டிக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் ஏறி, நிலையின் மேல்கட்டையில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இறங்கியதும் ஒரு பெரிய மூச்சு வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உலகத்தில் இன்னும் ஒரு வீடு தப்பித்துவிட்டது.

காட்டிலிருந்து திரும்பிய ரங்கான் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விட்டுவைத்தால் ஊருக்கு ஆகாது. அவிழ்த்தால் ஆத்தாவுக்கு ஆகாது. அவர் ஒரு சாக்கை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டார். வெயிலுக்குப் படுதா கட்டியதுபோல.

அடுத்த நாள் சாயங்காலம் காற்று அடித்துச் சாக்கு விலகியது. வாய்க்காலில் மடை திருப்ப வந்த எவரோ பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரங்கானை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். துண்டு இடுப்பில் இருந்தது. அவருக்குப் பின்னால் செல்வி. ஆளுக்கு ஒன்று பேசினார்கள். இன்றைக்குக் காப்புக் கட்டுவான், நாளைக்கு வரி கொடுக்கிறேன் என்பான், அடுத்த நோம்பிக்குக் கோயிலுக்குள் நம் பக்கத்தில் நிற்பான் என்று பூசாரி விரல் மடக்கினார். அப்பா எல்லோருக்கும் பிறகு பேசினார்.

"எடங் குடுத்தா இப்படித்தானுங்க. அமெரிக்காக்காரன் எடங் குடுத்துத்தான் இன்னைக்கு ஊரு எரியுது."

போன வாரம் அந்த வெள்ளைக்காரக் கிழவியைத் திட்டிய அதே குரல். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான். தீ இங்கே வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன்.

யார் கட்டியது என்று அப்பா கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ரங்கான் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். பிறகு, ஒரே ஒரு தடவை, என்னையும் பார்த்தார்.

"நாந்தானுங்க சாமி கட்டுனேன். பூசாரிங்க ஊட்டோரம் கெடந்துச்சுங்க. புத்தி கெட்டுப்போச்சுங்க."

அவரைக் கோயில் முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் மணலில் முழு உடம்பும் படும்படி விழுந்தார். எழுந்தபோது நெஞ்சு மயிரில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடவில்லை. பிறகு வளவுக்குக் கூட்டிப்போய், கட்டிய கையாலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். விழச் சொன்னதும் விழுந்தவர் அப்போதுதான் தயங்கினார்.

"நோம்பி முடியட்டுமுங்க சாமி. அவுத்தா ஆத்தா கண்ணத் தொறந்துபோடுவாளுங்க. புள்ள இருக்கற ஊடுங்க."

"அது எங்காத்தா. உம்பட ஊட்ட எதுக்கு எட்டிப் பாக்கறா? அவுருடா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் அதட்டியது.

என் முடிச்சு இறுகிப்போயிருந்தது. ரங்கானின் விரல்கள் பெரியவை. வெகுநேரம் ஆனது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். வேப்பிலை காய்ந்து பொடிப்பொடியாகத் தலையில் உதிர்ந்தது.

நோம்பி அன்றைக்கு மறுபடி மில்லுக்குப் போன் வந்தது. மாமன் நன்றாக இருந்தார். அவர் குடியிருந்த கட்டடத்துக்கு முன்னாலும் கூட்டம் வந்ததாம். கீழ்வீட்டில் இருந்த கறுப்பர், ஒரு வயசாளி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் என் ஆட்கள், போங்கள் என்றாராம். கூட்டம் போய்விட்டதாம். மாமனுக்கு அதுவரை அவர் பெயர்கூடத் தெரியாதாம்.

அப்பாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. மாவிளக்கு எடுத்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மனுஷன் என்றால் அப்படி இருக்கோணும் என்று ஒவ்வொரு தடவையும் முடித்தார். மறுநாள் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்த ரங்கானிடமும் சொன்னார். சொல்லும்போது அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"நல்ல மனுசனுங்க சாமி" என்று ரங்கான் நிமிராமல் சொன்னார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது செல்வி வரவில்லை. போத்தனூரில் அவளுடைய மாமன் வீட்டில் விட்டுவிட்டார்கள் என்றார்கள். கணக்கில் நான் பெயில் ஆனேன். அதற்காக அவள்மேல் கோபம்கூட வந்தது.

ரங்கான் ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் வெகுகாலம் இருந்தது. என்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். செல்விக்கும் அப்படியே. அந்தப் பதிலில் நான் நிம்மதியாக இருந்தேன். கல்யாணமாகி டவுனில் கணபதிப் பக்கம் குடிவந்த பிறகும், புதிதாகப் பழகியவர்களிடம், எங்கள் பண்ணையத்தாள் எனக்காக ஊர் முன்னால் விழுந்தார் தெரியுமா என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மகன் விமானம் ஏறிய பிறகுதான் அந்தப் பதில் உடைந்தது. போனில் அவனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, தப்பு உன்மேல் இல்லாவிட்டாலும் மன்னிப்புக் கேட்டுவிடு, தள்ளி நில் என்றால் நின்றுவிட்டு வா, உயிர் இருந்தால் போதும். என் வாயில் இருந்தது ரங்கானின் பேச்சு.

சின்னம்மணிதான் வளவுக்குள் வந்து, என் மகள் எடுத்துக்கொடுத்த உரலில் ஏறிக் கட்டினார்கள் என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால், நான் ஒரு அறை வாங்கியிருப்பேன். அந்தக் கூரைக்கு என்ன ஆகியிருக்கும், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை பாசம் இல்லை. பயம். பத்து வயதுப் பிள்ளையான என்னைப் பார்த்துத்தான் அவர் பயந்தார். தீ எந்தப் பக்கமிருந்து வரும் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அது மட்டும் புரியவில்லை.