நாலேமுக்கால் அடிக்கு எத்தனை இட்லி

அறுந்த பாவு இழையைப் பிணைக்கத் தறியோரம் குந்தினேன். பிணைத்தும் விட்டேன். எழ முடியவில்லை. முழங்காலுக்குள் மணலைப் போட்டு அரைத்தது போலிருந்தது. என் தறியில் வேலை செய்யும் செல்விதான் கைகொடுத்துத் தூக்கினாள்.

சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்ட வந்து, பன்னிரண்டு தறிக்கு முதலாளியானவள் நான். அதுவரை என்னை யாரும் தூக்கிவிட்டதில்லை.

மறுநாள் செல்வி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "இதுல உக்காந்துக்கங்கக்கா. இழை அறுந்தா நாங்க பாத்துக்கறோம்." பிரியமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தொழில் பார்ப்பதற்கா இத்தனை பாடுபட்டேன்?

கோயமுத்தூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, குருத்தெலும்பு (எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் மெத்தை) தேய்ந்திருக்கிறது என்றார். எடை குறைந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம், இல்லையென்றால் கத்திதான் என்றார்.

அப்போது என் நாத்தனார் ரோஸியும் எடை குறைக்கத் தொடங்கியிருந்தாள். கொக்கு மாதிரி நெட்டை அவள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் ஒருவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தறியையே அப்படித்தான் கற்றேன். காலையில் அவளுக்கு நான்கு இட்லி, எனக்கும் நான்கு. மதியம் அரிசிம்பருப்பு சாதம், அவளுக்கு இரண்டு கரண்டி, எனக்கும் இரண்டு. விடிந்ததும் சேர்ந்து நடப்போம். எங்கள் ஊர்ப்பக்கம் நடப்பவர்கள் எல்லோரும் போய் முடிகிற இடம் பேக்கரிதான். நாங்களும் டீயும் தேங்காய் பன்னுமாக முடித்தோம்.

ரோஸி இளைத்தாள். நான் ஊதினேன்.

"ஏம்புள்ள, நீ நடக்கறதுக்காகப் பேக்கரிக்குப் போறயா, பேக்கரிக்காக நடக்கறயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்ம ஊட்டு எடை மெசினு பழுதுங்க" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரி மெசினும் அதையேதான் காட்டியது. அங்கே டயட்டீசியன் (உணவின் அளவை வகுத்துச் சொல்பவர்) ஒரு சின்னப் பெண். அவளும் என்னைப் போல் குள்ளம்.

"நாத்தனா சாப்பிடறதுதானுங் கண்ணு நானும் சாப்பிடறேன். ஒரு இட்லி கூடச் சேத்தி இல்ல."

"அவங்க எவ்வளவு உசரங்கம்மா?"

"நான் அண்ணாந்து பாத்துத்தான் பேசோணும்."

அவள் சிரித்துவிட்டாள். "சும்மா படுத்திருந்தாலும் உடம்பு கொஞ்சம் தீனியை எரிக்குங்கம்மா. பெரிய உடம்பு நிறைய எரிக்கும், நம்மளது கம்மியாத்தான் எரிக்கும். அவங்களுக்குப் பத்தியமா இருக்கறது உங்களுக்கு முழுச் சாப்பாடு."

"ஊட்டுல எல்லாத்துக்கும் ஒரே கரண்டிதானுங் கண்ணு."

"அந்தக் கரண்டியத்தான் மாத்தோணுங்கம்மா."

டவல் தறிக்கும் வேட்டித் தறிக்கும் ஒரே அளவு நூலையா கொடுக்கிறேன்? கேட்டதும் பிடிபட்டுவிட்டது. படித்தவர்களுக்குத்தான் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

இட்லி இரண்டானது. கூடவே ஒரு முட்டை, இல்லையென்றால் பச்சைப்பயறு. மதியம் முதலில் பொரியல், பிறகு சின்னக் கரண்டியில் சாதம். பேக்கரிக்கு இன்றும் போகிறேன், சர்க்கரையில்லாத டீயோடு எழுந்துவிடுவேன். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது என்றாள் அந்த டயட்டீசியன் பெண். சின்ன உடம்பில் தசையே கொஞ்சம்தான், பட்டினி போட்டால் அதுவும் கரைந்துபோகுமாம்.

"என்னங்கண்ணி, கோழி கொத்தற மாதிரி கொத்தறீங்க?" என்றாள் ரோஸி.

"நீ நெட்டச்சி, தின்னது பரவறதுக்கு எடமிருக்குது. எனக்கு எங்கடி இருக்குது?"

நடை மட்டும் போதாது, தொடைக்கு வலு வந்தால்தான் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்றார் டாக்டர். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார். நான் செல்வியின் ஸ்டூலைச் சுவரோரம் போட்டுக்கொண்டேன். என்னை உட்காரவைக்க வந்த ஸ்டூலிலேயே எழப் பழகினேன். மூட்டு வலி உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குங்கள்.

உயரமானவர்களுக்குக் குறைவதுபோல் நமக்கு மளமளவென்று குறையாது. எடை மெசின் அசையாத மாதங்களும் உண்டு. அப்போது நான் மெசினைப் பார்க்கவில்லை, சேலையைப் பார்த்தேன். அதே சேலையில் ஒரு கொசுவம் கூடியிருந்தது.

போன மாதம் ஐந்தாம் தறியில் இழை அறுந்தது. செல்வி ஓடிவருவதற்குள் நான் குந்தி, பிணைத்து, எழுந்துவிட்டேன். எதையும் பிடிக்கவில்லை.

"ஏனுங்கக்கா, ஸ்டூல் எங்கீங்க?"

"செவுத்தோரம் கெடக்குது. காத்தால மட்டுந்தான் அதுக்கு வேலை."

தேய்ந்த மெத்தை திரும்ப வளராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தி தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முன்பெல்லாம் தறியின் வேகத்தில் ஓடிய எனக்கு, குந்துவதற்கும் எழுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு இருப்பது இப்போது தெரிகிறது. அந்த மூச்சை நான் அவசரப்படுத்துவதில்லை.

நாலேமுக்கால் அடிதான் நான். அதில் ஒரு விரற்கடையும் வீணில்லை.