பின்னாலேயே வருகிறவர்

மலைமேல் இருக்கும் புத்தர் குகைக்கோயிலுக்கு இரண்டாயிரம் வயது இருக்கும் என்கிறார்கள். அங்கே வசித்த துறவி ஒருவருக்கு மட்டும் பத்தொன்பதுதான். அவரைக் கற்பனையில் பெற்றுப் பேர் வைக்காமல் விட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் சுற்றுலா வழிகாட்டி.

படுத்திருக்கும் புத்தர், நிறம் உதிர்ந்த ஓவியங்கள், மழைநீர் குகைக்குள் வழியாதிருக்கப் பாறை நெற்றியில் வெட்டிய பள்ளம். இவ்வளவையும் அவர் உள்ளபடிதான் சொல்வார். ஆனால் முந்நூறு படி ஏறி மூச்சு வாங்குகிறவர்களுக்கு உண்மை கட்டுப்படியாகவில்லை. ‘போர் வந்தது, துறவிகள் இறங்கிப் போனார்கள்’ என்றால் கொட்டாவி விட்டார்கள். ஆகவே ஒரு நோயாளித் துறவியை மேலேயே நிறுத்திவிட்டார்.

“நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்னாரு. அப்புறம் அவரை வந்து கூப்பிட ஆளில்ல. இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருக்காரு.”

சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் இருமுவார். பீடி வளர்த்த இருமல். குகை அதை நாலாக்கித் திருப்பித் தரும். சுற்றுலா அலுவலகம் தன் துண்டுப் பிரசுரத்திலேயே இருமலைச் சேர்த்துவிட்டது.

வில்லங்கம் வீட்டில் முளைத்தது. மனைவி அவருடைய பீடியை நிறுத்திவிட்டார். இரண்டே மாதத்தில் நெஞ்சு சலவைக்குப் போட்டு வாங்கியது போல ஆனது. முக்கிப் பார்த்தால் வெறும் கனைப்பு. இருமல் கேட்கவில்லை என்று புகார் போனது. சுற்றுலா அதிகாரியே படியேறி வந்தார்.

“இருமல் இல்லன்னா லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதுங்க.”

“அது சும்மா கதை சார்.”

“கதையா? நாங்க அச்சடிச்சிருக்கோமே.”

வேறு வழியின்றித் தூணுக்குப் பின்னால் போனார். வாய் திறக்கும் முன்பே இருமல் கேட்டது. வறண்ட, அவசரமில்லாத இருமல். குகை அதைத் திருப்பித் தரவில்லை.

“நல்லாத்தானே இருமுறீங்க,” என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

கடைசியாக வெளியேறிக் கம்பிக்கதவைப் பூட்டுவது வழிகாட்டியின் வேலை. பிழைப்பு தப்பிய நிம்மதியில், வாய் சும்மா இராமல், இருட்டைப் பார்த்து, “ரொம்ப நன்றி சாமி. வாங்க, போகலாம்,” என்றார். பத்தொன்பது வருடக் கதையில் யாருமே அந்தத் துறவியிடம் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகுதான் உறைத்தது. பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

வீட்டுப் பின்கட்டில் கால் கழுவும்போது, சமையலறையிலிருந்து மனைவி வாசலைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

“ஏங்க, மறுபடியும் பீடியா? வாசல்ல நின்னு இருமினா எனக்குக் கேக்காதா?”

“நான் இங்கதானே இருக்கேன்,” என்றார் இவர், மனைவியின் முதுகுக்குப் பின்னால் வந்து.

மனைவி திரும்பினார். வாசலில் மறுபடி இருமல்.

“அப்ப அது யாரு?”

“கூட வந்தவரு.”

மறுநாள் காலை முதல் படியில் வழிகாட்டி ஒதுங்கி நின்றார். “நீங்க முன்னால போங்க சாமி,” என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

வெகுநேரம் நின்றார். யாரும் அவரைக் கடந்து போகவில்லை.