ஜெபமணி சாரின் கேள்வி நேரம்

போன வெள்ளிக்கிழமை என் கோர்ஸ் முடிந்தது. கல்லூரி ஆசிரியர்களைத் தூசி தட்டிப் புதுப்பித்து அனுப்பும் கோர்ஸ். மூன்று வாரம். தோளில் மாட்ட ஒரு ரெக்ஸின் பை, சட்டையில் குத்த ஒரு பேட்ஜ், பதினோரு மணிக்கு டீயும் பருப்புவடையும்... கடைசியில் ஒரு சர்டிஃபிகேட்.

உள்விஷயம் சொல்லட்டுமா? இந்தக் கோர்ஸுக்கு யாரும் கற்றுக்கொள்ள வருவதில்லை. இதை முடித்தால்தான் அடுத்த கிரேடு. அதோடு மூன்று வாரம் வகுப்பெடுக்க வேண்டாம், பேப்பர் திருத்த வேண்டாம். ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். வருஷம் பூராவும் கத்துகிற எங்களுக்கு அது ஒரு சுகம்.

என் பக்கத்து இருக்கைக்காரர் அந்தச் சுகத்துக்காகவே வந்திருந்தார். ஆனால் எங்களைப் போல விளையாட்டாக அல்ல. அவரை ஜெபமணி சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எல்லையோரம், பாறசாலைப் பக்கம் வீடு. ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு ஆசிரியர்.

முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று தங்கள் பெருமையை இங்கிலீஷில் அளந்தோம். ஜெபமணி சார் எழுந்து போய் போர்டில் பெயரையும் பாடத்தையும் எழுதினார். அதன் கீழே, 'தொண்டையில் கோளாறு. பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மன்னிக்கவும்.' ஹால் முழுவதும் கைதட்டியது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. ஒருவர் சுக்குக்காப்பி என்றார். ஒருவர் மிளகும் கல்கண்டும் என்றார். தாவரவியல்காரர் ஆடாதோடை இலைக்கே போய்விட்டார். ஜெபமணி சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் வலியசாலைத் தெருக்காரி, அந்த மலையாளக் கூட்டத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். அழகான கையெழுத்து. அவருடைய வகுப்பு தகரக் கூரை போட்ட பெரிய ஹால், நூறு பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை. லாரி சத்தத்துக்கு மேலே கத்தியே காலம் போயிற்று. குரல் நரம்பில் முடிச்சு விழுந்துவிட்டது. ஒரு மைக் கேட்டாராம். உங்களுக்குத் தந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம்.

வெக்கேஷனில் ஆபரேஷன். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்து சிரமப்படுத்தினால் குரல் திரும்பும் என்று சொல்ல முடியாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ஆனால் மெடிக்கல் லீவு தீர்ந்துபோயிருந்தது. என்ன செய்வார்? கோர்ஸுக்கு அப்ளை செய்துவிட்டார். 'சம்பளத்தோடு மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கோர்ஸ் முடிந்தால் வெக்கேஷன். ஜூன் மாதம் குரலோடு வகுப்புக்குப் போவேன்' என்று எழுதிக் காட்டிச் சிரித்தார். சத்தமில்லாமல்தான்.

இதைவிட நல்ல திட்டம் யாராவது போட முடியுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் மன அழுத்தத்தைப் போக்க ஒரு நிபுணர் வந்தார். எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, நான் மகிழ்ச்சியான ஆசிரியர் என்று உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னோம். போதாது, இன்னும் உரக்க என்றார். கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தினோம். ஜெபமணி சார் உதட்டை மட்டும் அசைத்தார். மூன்றாவது வரிசையில் ஒருவர் மகிழ்ச்சியாக இல்லை என்று நிபுணர் கண்டுபிடித்துவிட்டார். நான்தான் எழுந்து விளக்கம் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் செமினார் பட்டியலை ஒட்டினார்கள். ஒவ்வொருவரும் கடைசி வாரத்தில் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் சர்டிஃபிகேட் இல்லை. சர்டிஃபிகேட் இல்லையென்றால் கிரேடு இல்லை. போதாததற்கு, மூன்று வாரமும் சொந்த லீவில் எழுதப்படும். லீவுதான் அவரிடம் மிச்சமே இல்லையே...

இரண்டு பேருமாகக் கோ-ஆர்டினேட்டரைப் பார்க்கப் போனோம். சார் எழுதித் தரட்டும், நான் வாசிக்கிறேன் என்றேன். கோ-ஆர்டினேட்டர் நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ஜெபமணி சாரின் தோளில் கைவைத்து வருத்தப்பட்டார்.

"ஞான் எந்து செய்யும், டீச்சரே? ரூல் அதாணு. ஒரு அஞ்சு மினிட் பேசட்டே. ஒரு ஃபார்மாலிட்டி, அத்ரேயுள்ளூ."

ஐந்து நிமிஷம். அதுவும் வெறும் சடங்கு, அவ்வளவுதானாம். மீதியைப் புரொஜெக்டர் ஷீட்டில் எழுதிக் காட்டலாம். பெரிய சலுகை கிடைத்த மாதிரி நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் புரியாமலே ஒப்புக்கொண்டு விட்ட சங்கதி. ஒரு தொட்டியை வரைந்திருந்தார். அதில் ஓட்டை. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் வெளியே போகிறது, அது மைனஸ் ஐந்து. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் என்பது மைனஸ் இரண்டு. அப்போது தொட்டியில் இப்போதிருப்பதைவிட எவ்வளவு தண்ணீர்? பத்து லிட்டர் அதிகம். ப்ளஸ் பத்து.

மெல்லத்தான் பேசினார். குரல் மணலில் கால் இழுபடுகிற மாதிரி வந்தது. ஆனால் ஹாலில் ஒரு கொட்டாவி இல்லை. எனக்கே அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு விளங்கியது. ஐந்து நிமிஷத்தில் முடித்து, கும்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் கோ-ஆர்டினேட்டர் எழுந்து, வழக்கம்போல, கேள்வி நேரம் என்றார்.

எங்கள் ஆசிரிய இனத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. செமினார் முடிந்து யாரும் கேள்வி கேட்காவிட்டால் பேசினவருக்கு அவமானம். அதுவும் நோயோடு வந்து பேசினவரைக் கேள்வி இல்லாமல் அனுப்பலாமா? மரியாதை என்ன ஆவது? இந்தி ஆசிரியர் எழுந்து, நிஜ வாழ்க்கையில் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். ஜெபமணி சார் போர்டில் எழுத ஆரம்பித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "காணான் வய்யா சாரே, ஒந்நு பறயாமோ?" என்று கேட்டது. தெரியவில்லையாம், வாயால் சொல்ல வேண்டுமாம்.

சொன்னார்.

பிறகு காமர்ஸ்காரர் கடனை வைத்து ஒரு கேள்வி. தாவரவியல்காரர் தொட்டிக் கணக்கை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். ஒருவரைப் பார்த்து ஒருவர். நான் எழுந்து, போதும், சாருக்கு முடியவில்லை என்றேன். ஜெபமணி சார் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. கேட்டவர்கள் மேல் அல்ல, அவர் மேல். எதற்கு இந்தப் பிடிவாதம்?

ஆனால் நாமெல்லாம் ஆசிரியர்கள். கை தூக்கிய ஒருவருக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க நம்மில் யாருக்கு வரும்? கடைசிக் கேள்விக்கு அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

வெள்ளிக்கிழமை சர்டிஃபிகேட் விழாவில் அவர் பெயரையும் கூப்பிட்டார்கள். ஏ கிரேடு. ஆள் வரவில்லை. நான்தான் போய் வாங்கி வைத்தேன்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு போன் செய்தேன். மனைவி எடுத்தார்.

"டீச்சரா? நான் சாருக்க வீட்டுக்காரிதான் பேசுகேன். அன்னைக்கு ரெத்தமா துப்பினாரு டீச்சர். டாக்டரு நல்லா ஏசினாரு. இனி ஆபரேஷன் செய்தாலும் கிளாஸ் எடுக்கதுக்கு உள்ள சத்தம் வராதுன்னு சொல்லியாச்சு."

அவரே தொடர்ந்தார்.

"எனக்ககிட்டயும் மோளுகிட்டயும் ஒத்த வார்த்தை பேசமாட்டாரு. கிளாஸுக்கு வேணும்னு அவ்வளவையும் சேத்து வச்சாரு. மோளு என்ன கேட்டாலும் சிரிச்சுக் காட்டுவாரு, அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேக்கட்டா டீச்சர்? அவரு கிளாஸ் எடுத்து நான் ஒருக்கா கூட கேட்டதில்ல. அன்னைக்கு நல்லா எடுத்தாரா?" என்றார்.

"ரொம்ப நன்னா எடுத்தார். அந்த மாதிரி நான் கேட்டதே இல்லை" என்றேன். அது பொய்யில்லை. ரிசீவரை வைத்தேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னார் அந்த மனிதர். கேட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை.