கடைசி பெஞ்ச் ஞானமுத்து அண்ணன்

ஞானமுத்து அண்ணன் போய்ட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னார். டீ ஆறி ஆடை கட்டும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது? இந்த மாதிரி செய்தி வந்தால் நான் முதலில் கூப்பிடுகிற ஆளே அவர்தான்...

அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இங்கே பாதிப் பேருக்கு உபதேசியார் என்றால் யாரென்றே தெரியாது. அந்தக் காலத்தில் சின்ன சபைகளுக்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, சாவு விழுந்தால் ஓடுவது, எல்லாம் உபதேசியார்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சபையில் தற்காலிக உபதேசியார். அண்ணன் வீரபாண்டியில்.

ஞாயிற்றுக்கிழமைதான் நாலு மனுஷ முகம் பார்ப்பேன். மற்ற நாளில் ஜெபத்துக்குப் போய்வந்த நேரம் போக, சர்ச்சை ஒட்டிய ஒற்றை ரூமில் நானும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும். எருமை கத்துவதைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது.

அண்ணன்தான் என் நியூஸ்பேப்பர். சைக்கிளில் வருவார். எந்த உபதேசியாருக்கு ட்ரான்ஸ்ஃபர், எந்த சபைக்குப் புது ஆர்மோனியம், எங்கே என்ன கூட்டம்... தண்ணீர் குடிப்பதற்கு முன்னாலேயே எல்லாம் கொட்டிவிடுவார்.

ஒருநாள் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"ஏனுங்க தம்பி, சேதி தெரியுமுங்களா? மே மாசம் கோயமுத்தூர்ல உபதேசிமாருக்கு ட்ரெய்னிங் வெக்கறாங்களாமா. அதுல தேறுனாத்தான் இனி தனி சபையாமுங்க. வாங்க, ரெண்டு பேரும் போயிரலாம்."

எனக்குப் போகவே பயம். என் குரல் அப்படி. முன் வரிசைக்கே சரியாகக் கேட்காது.

தேறாவிட்டால் பழையபடி பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலைதான். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. எனக்கு உபதேசியார் வேலைமேல் அவ்வளவு ஆசை.

ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் கேம்ப். ஒவ்வொருவராக எழுந்து பிரசங்கம் பண்ண வேண்டும், மற்றவர்கள் குறை சொல்வார்கள். நான் முடித்ததும் பயிற்சி கொடுத்த போதகர், "தம்பி, நீங்க பேசுனது உங்க சட்டைப் பட்டனுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி நாள் இன்னொரு வாய்ப்பு, அதிலும் கேட்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

கிணற்றடியில் போய் தனியாக நின்றேன். அண்ணன் தேடிக்கொண்டு வந்தார்.

"நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறனுங்க. மத்தவங்கள நீங்க பாக்கவே வேண்டாம். கேக்கலீன்னா கர்ச்சீப்ப எடுத்துத் தோள்ல போடறேன். போதும்னா மூஞ்சியத் தொடைக்கறேன். தொடச்சதும் ஆமென் சொல்லிப்போடுங்க."

காலையில் யாரும் இல்லாத ஹாலில் பழகினோம். கர்ச்சீப் அவர் தோளை விட்டு இறங்குவேனா என்றது.

கடைசி நாள் நான் வாயைத் திறந்ததும் கர்ச்சீப் தோளில் ஏறியது. தொண்டை கிழியக் கத்தினேன். இறங்கியது... இறங்கியே இருந்தது.

தேறிவிட்டேன். ஊத்துக்குளி சபையை எனக்கே கொடுத்தார்கள்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். ஜனங்கள் பூசணிக்காயும் வெண்ணெயுமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தகரக் கூரை, நல்ல கூட்டம், காற்றே இல்லை. அண்ணன் வழக்கம்போல் கடைசி பெஞ்ச்.

நம்ம ஜனங்களுக்குப் புரியட்டும் என்று, காணாமல் போன ஒரு எருமைக்கன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டுகிறது, சொந்தக்காரர் லாந்தரோடு காட்டுக்குள் போகிறார், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்...

அண்ணன் முகத்தைத் துடைத்தார்.

"ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சபையே முழித்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, எனக்கு வேர்த்து ஊத்துச்சுங்க, தொடச்சேன். அதுக்குன்னு அந்தக் கன்னக் காட்டுலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களே!"

ரொம்ப நாளைக்கு ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "உபதேசியாரே, கன்னு கெடச்சுதுங்களா?"தான்.

அண்ணனும் அதை விடவே இல்லை. ரெண்டு பேரும் ரிட்டையர் ஆன பிறகும், என் மனைவி போன பிறகும், வாரம் தவறாமல் போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது.

"கன்னு வந்துச்சுங்களா?"

"இல்லீங்கண்ணே, தேடிக்கிட்டேதான் இருக்கறனுங்க."

அப்புறம்தான் மற்ற பேச்சு. அந்தக் கேம்ப்புக்கு வந்தவர்களில் யார் இருக்கிறார், யார் போனார் என்பதையும் அவர்தான் சொல்வார். கடைசியில் மிச்சம் நாங்கள் ரெண்டு பேர் என்று போன மாதம் சொன்னார்.

இன்று காலையிலிருந்து இந்த வீட்டில் நான் பேசியதே, அவர் மகளிடம் "சரிங்கம்மா" என்றது ஒன்றுதான். சாயங்காலம் ஆகிவிட்டது. போன் பக்கத்திலேயே இருக்கிறது...

நாளைக்கு அடக்க ஆராதனை. என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

பேசுவேன். மைக் இருக்கிறது, கடைசி பெஞ்ச்வரை கேட்கும். ஆனால் நாளைக்கு எல்லோர் கையிலும் கர்ச்சீப் இருக்கும். எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் யாரப் பாத்து ஆமென் சொல்றதுங்கண்ணே?

போங்கண்ணே... கன்னு கெடச்சதும் நானே வந்து சேதி சொல்றனுங்க.