அடுப்புச் சாம்பலும் அழியாத வரியும்

எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் என் மிளகுக் காட்டுக்கு நேரே 'பூச்சிமருந்து தூவியது' என்று ஏறிவிட்டது. மருந்து படாத மிளகை மட்டும்தான் சங்கம் வாங்கும். அந்த ஒரு வரி நின்றால் அந்த வருடத்து மிளகு முழுக்க வந்த விலைக்குத்தான் போகும்.

நான் தூவியது அடுப்புச் சாம்பல். எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், பூச்சி அண்டாமலிருக்க விடிகாலைப் பனி ஈரத்தோடு கொடிமேல் சாம்பல் வீசுவது எல்லோரும் செய்வதுதான். காடு பார்க்க வந்த சங்கத்து ஆள் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், இந்த வழக்கம் தெரியாதவர். இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கவும், பவுடர் மருந்து என்று போனிலேயே பதிந்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழாவதோடு நின்றவன் நான். இந்த முறையெல்லாம் தெரியாது. நேரே சங்கத்துக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருவது என் தம்பி மனைவி. ஒரே வாசலில்தான் குடியிருக்கிறோம்.

"அந்த வரிய அழிச்சுடு கண்ணு. சாம்பல்னு உனக்கே தெரியுமல்ல?"

"தெரியுமுங்க மாமா. எங்க ஊட்டு அடுப்புச் சாம்பலும்தான் அதுல கெடக்குது. ஆனா நான் கை வைக்க முடியாதுங்க."

முடியாதா, மனசில்லையா என்று எனக்கு ஆத்திரம். அவள் பொறுமையாகச் சொன்னாள். பார்த்தவரே மறுபடி வந்து பார்த்துத் திருத்த வேண்டும். முள்ளுக்குறிச்சி ஆபீசில் இருக்கும் இன்னொருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் தொட்டாலும் அவர் பேரும் நேரமும் கூடவே விழும். பழைய வரி போகாது, கீழேயே நிற்கும். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள். என் முகம் சுண்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி வந்தார். நிஜமாகவே மருந்தடித்த காடு ஒன்றைச் சுத்தம் என்று மாற்றிக் கொடுத்தால் கவனித்துக்கொள்வதாகக் குழைந்தார்.

"எங்க மாமாவுக்கே மாட்டேன்னுட்டேனுங்க. இதா நிக்கறாரு, கேட்டுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். என் குரலில் எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்திருந்தது. எனக்கு வளையாத கைதான் அவருக்கும் வளையவில்லை. வளைந்திருந்தால் அவர் மூட்டைக்கும் என் மூட்டைக்கும் என்ன வித்தியாசம்?

அந்த வாரமே சங்கத்து ஆள் திரும்ப வந்து, இலையைத் தேய்த்து, முகர்ந்து, பரிசோதனைக்கும் அனுப்பினார். சாம்பல் என்றே முடிவு வந்தது. திருத்தினார், முள்ளுக்குறிச்சியிலும் ஒப்புக்கொண்டார்கள்.

சங்கத்திடம் மிளகு எடுக்க வந்த டவுன்காரருக்கு அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பழைய வரி, புதிய வரி இரண்டையும், திருத்தியவர், ஒப்புக்கொண்டவர் பேரையும் அவர் நிதானமாகப் படித்தார். வேறொன்றும் கேட்காமல் என் மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொன்னார்.