குடத்தில் போன அம்மன்

இங்கிலாந்துச் சுற்றுலா முடித்து வந்த அண்ணன், சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னை வரச் சொன்னான். தோசை வருவதற்கு முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டான்.

"பாரு தங்கச்சி. ரோமன் காலத்து குவாரி. கல்லு உடைச்ச இடத்துலயே பாறையில சாமியைச் செதுக்கியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷம் லா!"

பூங்காவில் ஒரு பாறை. அதில் மாடம்போலக் குடைந்து ஒரு பெண் தெய்வம். கையில் ஈட்டி, தோளருகே ஆந்தை என்று விரலால் காட்டினான். எனக்குத் தெரிந்ததோ தேய்ந்துபோன ஓர் உருவம்தான். மழை படாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்துக் கூரை கட்டியிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் அப்பாவும் இங்கே கருங்கல் குவாரியில் வேலை பார்த்தவர்தான். வெடி வைக்கும் இடத்தில் உயிருக்கு என்ன உத்தரவாதம்? அவரும் கூட்டாளிகளும் குவாரிச் சுவரிலேயே ஓர் அம்மனைச் செதுக்கினார்கள். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்கு அவளை விட்டால் வேறு தெய்வமில்லை. அப்பா சாயங்காலம் முழு உடம்போடு வீடு திரும்பியதெல்லாம் அவள் போட்ட பிச்சை என்பாள்.

குவாரியை மூடியபோது பாறையைப் பெயர்க்க வழியில்லை. அந்த அம்மன் கோயில் கமிட்டி கூடியது, அண்ணன்தான் செயலாளர். ஐயரை வைத்து மந்திரம் சொல்லி, அம்மனின் சக்தியைக் குடத்துத் தண்ணீரில் இறக்கி, மேளதாளத்தோடு செங்காங் பக்கம் கட்டிய புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் புதுச் சிலைமேல் ஊற்றினார்கள். முறைப்படி செய்ததுதான், குறை சொல்ல முடியாது.

அம்மா புதுச் சிலையையும் கும்பிட்டாள். ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு கேட்டது பழையவளைத்தான்.

"ஒரு தடவை அந்த மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேம்பா" என்றாள் அண்ணனிடம்.

வேலி போட்ட இடம். உள்ளே போக யாரைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"அங்க என்னம்மா இருக்கு? அதான் குடத்துல கொண்டாந்துட்டோமே. இப்ப அது வெறும் கல்லு."

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஒரு போட்டோவாவது எடுத்து வா என்றேன். கமிட்டிக்காரனே வெறும் கல்லைத் தேடிப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான். அம்மா பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை; ஆறவும் வேண்டாம்.

அதே அண்ணன்தான் இப்போது, வந்த தோசையைத் தொடாமல், போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஷூவைக் கழட்டிட்டுத்தான் கிட்ட போனேன். மூஞ்சியெல்லாம் தேஞ்சு போச்சு, ஆனா சக்தி அப்படியே இருக்கு. எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு."

"ஏண்ணே, அந்த ஊர்ல குடம் கிடைக்கலையாமா?" என்றேன்.

அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். நான் என் தோசையைச் சாப்பிட்டேன்.