நெத்திலி எண்ணெயில் தக்காளி சாதம்

மாரடைப்பு வந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. அப்போது பயப்பட நேரமே கிடைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்தேன், விழுந்தேன், கண் விழித்தபோது ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். ஒரு தக்காளி சாதத்துக்குப் பயந்தேன் பாருங்கள், அதுதான் பயம்.

சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்த என்னை மூன்று மாதம் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மாமல்லபுரத்துக்கு ஆள் ஏற்றி இறக்கிய கை, திருவிடந்தை வீட்டில் கரண்டி பிடித்தது. என் மனைவி படூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். காலை ஏழே முக்காலுக்குப் பஸ். நான் பிழைத்தால் மாலை போடுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் சிவப்புச் சேலை கட்டி ஒன்பது நாள் விரதத்தைத் தொடங்கினாள். பிழைத்தவன் நான், பட்டினி அவளுக்கு. ஒரு நாளைக்கு ஒரே வேளை, மதியச் சாப்பாடு. அதுவும் குளித்துவிட்டு வீட்டில் சமைத்த சைவம். சமைப்பது நான்.

மாலை போட்ட அன்று அவள் சொன்னாள்: "யோவ், இந்த ஒம்போது நாளும் கவுச்சி வாடகூட என் மேல படக்கூடாது. எனுக்கு ஒண்ணுமில்ல. உன் உசுருக்குத்தான் வேண்டிக்கினுகீறேன். பாத்துக்க."

அந்தப் 'பாத்துக்க' என் நெஞ்சுக்குள்ளே போய் ஸ்டென்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

மீன் குழம்புச் சட்டி, கருவாட்டு டப்பா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு, என் அண்ணன் வீட்டுக்கு, அனுப்பினோம். சமையலைப் போனில் கற்றேன். 'பத்தே நிமிஷம், ஃப்ரெண்ட்ஸ்' என்று ஆரம்பிக்கும் அம்மாக்கள்தான் என் குரு. அவர்களுடைய பத்து நிமிடத்தில் கடுகு டப்பாவைத் தேடும் நேரம் சேராது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், ரவா உப்புமா என்று ஆறு நாளை ஓட்டிவிட்டேன். தலையில் கொஞ்சம் கொழுப்பும் ஏறியிருந்தது.

ஏழாம் நாள் தக்காளியை நறுக்கி வைத்துவிட்டு எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாய்த்தால் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. கடை திறக்கவில்லை. பஸ்ஸுக்கு அரை மணி நேரம். அண்ணி விடியும் முன்பே மீன் கூடையோடு கோவளத்துக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் கேட்காமல் எடுப்பதுதான் வழக்கம். பின்கதவு வழியாகப் போனேன். மாடத்தில் ஒரு டம்ளர், மேலே தட்டு, உள்ளே தெளிந்த எண்ணெய். முகர்ந்துகூடப் பார்த்தேன். எடுத்து வந்து தாளித்தேன். டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறிப் போனாள்.

பதினோரு மணிக்கு அண்ணி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாபா, மாடத்துல இருந்த டம்ளரு எங்க?"

"நான்தான் எடுத்தேன் அண்ணி. எண்ணெ தீந்துடுச்சி, தக்காளி சாதம் தாளிச்சேன்."

"அய்யய்ய! நேத்து நெத்திலி பொரிச்ச எண்ணெபா அது! மோந்து பாக்கல?"

"பாத்தனே."

"இன்னா வாட வந்துச்சி?"

"எண்ணெ வாட."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "உனுக்கு ஸ்டென்ட் வெச்சாங்களே, கூடவே ஒரு மூக்கும் வெச்சி அனுப்பக் கூடாதா?"

மீன் பொரித்த எண்ணெயை எங்கள் குப்பத்தில் யாரும் கொட்டமாட்டார்கள். வடிகட்டி, மூடி, அடுத்த மீனுக்கு வைப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதில் பொரித்ததைத் தின்றே வளர்ந்தவனுக்கு எண்ணெயின் வாசனை என்றாலே அதுதான். படாளத்து நெல்வயல் பக்கத்திலிருந்து வந்த என் மனைவிக்கோ, நெத்திலி தெருமுனையில் வந்தாலே தெரிந்துவிடும்.

இடது மார்பில் ஏதோ குத்தியது. வலியா, பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. போன் அடித்தேன். ஆய்வகத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் டப்பாவைத் திறப்பாள்.

மறுபடி குளித்தேன். எண்ணெய்ப் பக்கமே போகவில்லை. அடுப்பு, கரண்டி, வாணலி, எதையும் நம்ப முடியவில்லை. அவலை அலசிப் பிழிந்து, வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, தேங்காய் துருவி, ஏலக்காய் தட்டி, வாழைப்பழம் நறுக்கினேன். அடுப்பே இல்லாத சமையல். உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது.

ஜன்னல் வழியாக அண்ணி கேட்டாள்: "வாயப்பயத்த கயுவினியா?"

"தோல் உரிக்கிற பழத்த எதுக்கு அண்ணி கயுவணும்?"

"நீ தொட்டியே."

கழுவினேன்.

டாக்டர் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்றிருந்தார். தொட்டேன். கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது அம்மனிடம் பேரம் பேசினேன். தாயே, தப்பு என்னுடையது. ஆனால் இவள் வேண்டுதலை என் உயிர்மேல் எழுதிவைத்திருக்கிறாளே, அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளக் கூடாதா? டம்ளர் அண்ணன் வீட்டு டம்ளர் என்பதையும் நினைவுபடுத்தினேன். இப்படிப்பட்ட தம்பி நான். பச்சை விழுந்தது. படூர்ப் பக்கம் முறுக்கினேன்.

கல்லூரிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால்.

ஆய்வகக் கட்டடத்தின் கீழ்ப்படியில் சிவப்புச் சேலை தெரிந்தது. அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூடிய டப்பா மடியில். முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. மயக்கத்தில் இருந்தேன், எப்படிப் பார்த்திருப்பேன்?

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "இன்னாய்யா ஆச்சு? ஏன் இப்டி மூச்சு வாங்குது? நெஞ்சு வலிக்குதா?"

"நீ... துன்னியா?"

"ஒரு வா வெச்சேன். நெத்திலி. ஒடனே துப்பிட்டேன், வாய கொப்புளிச்சிட்டேன். சாதத்துல எப்டி வந்துச்சினு பயந்து போய் உக்காந்துகினுகீறேன். உனுக்கு ஏதோ ஆகப் போவுதுனு சகுனமோன்னு..." அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "மேல போயி போன எடுக்கக்கூட கால் வர்ல. நீ எடுக்கலைன்னா?"

நான் டம்ளர் கதையைச் சொன்னேன். இடையில் ஒரு சிரிப்பையும் சேர்த்துப் பார்த்தேன். எடுபடவில்லை. கேட்டு முடித்ததும் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நாக்கு வரைக்குந்தான் போச்சி. தொண்ட தாண்டல," என்றாள். என்னிடம் சொல்வதாகத் தெரியவில்லை. "மாலைய கயட்ட மாட்டேன். தலைக்கு ஊத்திக்கினு, இன்னும் மூணு நாள் சேத்து இருந்துட்றேன். ஆத்தா கணக்கு தீந்துடும்."

"போதுமா மூணு நாளு?"

"போதும்யா."

"அஞ்சா வெச்சிக்கயேன். உசுரு என்னுதாச்சே."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்டினி என்னுதாச்சே. கொண்டா, இன்னா எடுத்தாந்த?"

அவல் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். குனிந்து ஒருமுறை முகர்ந்தாள். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள், மென்றாள். அது தொண்டை தாண்டும் வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பிடியை எடுத்தாள். மறுபடி பார்த்தேன்.